சாப்பிடாமல் மூலையில் கிடக்கும் டரான்டுலாவுக்கு என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். ஐந்து வருடமாக சிலியன் ரோஸ் டரான்டுலா என்ற ரோமச் சிலந்தி ஒன்றை வளர்க்கிறேன். வாங்கும்போதே பெரியதுதான், ஆணா பெண்ணா தெரியாது. ஏழு வாரமாக எதையும் சாப்பிடவில்லை. பெட்டியின் மூலையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தூரிகையால் தொட்டால் ஒரு காலை மட்டும் மெதுவாகத் தூக்கி வைக்கிறது. வயிறு முன்பைவிடச் சிறுத்துவிட்டது, கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. குளிராக இருக்குமோ என்று இரண்டு வாரமாக மேலே ஒரு விளக்கு போட்டிருக்கிறேன். பசித்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று இரண்டு சுவர்க்கோழிகளை உள்ளேயே விட்டுவைத்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தில் பஞ்சு போட்டிருக்கிறேன். போன மாதம் பக்கத்து அறையில் கரப்பான் மருந்து அடித்தோம். தேன் தண்ணீர் கொடுக்கலாமா? ஆன்டிபயாடிக் வேண்டுமா? நண்பர் ஒருவர் "கஷ்டப்படுத்தாதே, ஃப்ரீசரில் வைத்துவிடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் எழுந்துபோய் அந்த விளக்கை அணையுங்கள். சுவர்க்கோழிகள் இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதன்பின் வந்து மீதியைப் படியுங்கள். காரணங்களை ஆற அமரச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான்கு குறைகள் இருக்கின்றன. சாப்பிடவில்லை, அசையவில்லை, வயிறு சிறுத்துவிட்டது, கால்கள் உள்ளே இழுத்திருக்கின்றன. உங்களைக் கலவரப்படுத்தியவை முதல் இரண்டும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய பின் இரண்டும்.

ஏழு வாரப் பட்டினி இந்த இனத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலியன் ரோஸ் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது இந்தப் பயம் வந்திருக்கும். நன்றாக இருக்கிற ஒரு பெரிய சிலந்தி மாதக்கணக்கில் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு வருடம் தாண்டியும் சாப்பிடாமல் இருந்து, பிறகு ஒருநாள் ஒன்றுமே நடக்காதது போலப் பாய்ந்து பிடித்ததும் உண்டு. அசையாமல் இருப்பதும் அப்படியே. பதுங்கிக் காத்திருந்து பிழைக்கிற உயிர் அது. உடல் செலவழிக்கும் சக்தி மிகக் குறைவு. நாய் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை என்றால் உடனே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். டரான்டுலா இரண்டு வாரம் ஒரே இடத்தில் இருந்தால் அதற்கு அந்த இடம் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

சாப்பாட்டை நிறுத்தி முடங்கிக் கிடப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் சட்டை உரிக்கும் காலம் நெருங்குவது. வளர்ந்த சிலியன் ரோஸ் வருடத்துக்கு ஒருமுறையோ, அதைவிட நீண்ட இடைவெளியிலோதான் உரிக்கும். அதற்கு முன்பு சில வாரங்கள், சில சமயம் மாதங்கள், இரையை மறுக்கும், நிறம் மங்கும், நடை குறையும். வயிற்றில் ரோமம் உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால் அதன் அடியில் புது ரோமம் வளர்வதால் அந்த இடம் கறுத்துத் தெரியும். சில சிலந்திகள் தரையில் பட்டு விரித்து மெத்தை போடும். உங்களுடையது உரிக்கப்போகிறதா? இருக்கலாம் என்று சொல்லிவிட்டு நகர எனக்கும் ஆசைதான். ஆனால் உரிக்கப்போகும் சிலந்தியின் வயிறு உப்பி, இறுக்கமாக, சில சமயம் மினுமினுப்பாகக்கூட இருக்கும். உள்ளே புதுத் தோல் உருவாகி, பழையதிலிருந்து விடுபடத் தேவையான நீரும் சேர்ந்திருக்கும் காலம் அது. சாப்பிடவில்லை, வயிறு உருண்டு இருக்கிறது என்றால் கதவைச் சாத்திவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். சாப்பிடவில்லை, வயிறும் வற்றிக்கொண்டு போகிறது என்றால் அது வேறு கதை.

"சிறுத்துவிட்டது" என்பதை எப்படி அளப்பது? மேலிருந்து பாருங்கள். முன்பகுதியில் கால்கள் முளைக்கும் கெட்டியான ஓட்டின் அகலத்தையும், பின்னால் இருக்கும் வயிற்றின் அகலத்தையும் ஒப்பிடுங்கள். வயிறு ஓட்டின் அகலத்துக்குச் சமமாகவோ, அதைவிட ஒன்றரை மடங்கு வரையோ இருந்தால் நல்லது. ஓட்டைவிட ஒடுங்கி, தோலில் சுருக்கமும் விழுந்திருந்தால் உடலில் நீர் இல்லை, அல்லது இருப்புக் கரைந்துவிட்டது. கண் ஏமாற்றும், வாரம் ஒருமுறை அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் ஏமாற்றாது. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு இருந்தால் இன்னும் நல்லது. மூடியுள்ள குவளையில் வைத்து எடை பார்த்து, குவளையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கால்கள். டரான்டுலாவின் கால்களை மடக்குவதற்குத் தசை உண்டு. நீட்டுவதற்கு, முக்கியமான இரண்டு மூட்டுகளில் தசையே கிடையாது. முன்பகுதியில் இருக்கும் உடல்திரவத்தை அழுத்திக் காலுக்குள் தள்ளித்தான் அது காலை நீட்டுகிறது. அதன் ரத்தமும் அந்தத் திரவமே. நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு கலந்த ஹீமோசயானின் செய்வதால் லேசாக நீலம் ஓடியிருக்கும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும்போது குழாய் விறைத்து நிற்பதும், வரத்து குறைந்தால் துவண்டு விழுவதும் தெரியுமல்லவா, அந்தக் கணக்குதான். உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் போய்விடும். மடக்கும் தசைகள் மட்டும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கால்கள் மெல்ல மெல்ல உடலுக்கு அடியில் சுருண்டுவிடும். செத்த சிலந்திகள் எல்லாம் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதும் இதனால்தான்.

பயந்த சிலந்தியும் கால்களை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பயத்தில் இருக்கும்போது முட்டிகள் மேலே தூக்கி, உடலை மறைத்தபடி நிற்கும். ஆனால் பாதங்கள் தரையில் பதிந்திருக்கும். புதுப் பெட்டிக்கு மாற்றிய முதல் சில நாட்களில் இது சகஜம். ஆபத்தான நிலையில் பாதங்களின் நுனி உடலுக்கு அடியில் போயிருக்கும், தரையைப் பிடித்திருக்காது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. தொட்டால் காலைத் தூக்கி வைக்கிறது என்பது நல்ல செய்தி. அழுத்தம் குறைந்திருக்கிறது, இன்னும் போய்விடவில்லை.

ஆகவே இன்றைக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை ஒன்றே ஒன்று: தண்ணீர். மருந்தோ சத்துக் கரைசலோ வேண்டாம், அறைச் சூட்டில் இருக்கும் வெறும் தண்ணீர் போதும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டரான்டுலாவின் வாய் முன்னால் தெரிவதில்லை. நச்சுப்பற்கள் முளைக்கும் இரண்டு பருத்த பாகங்களுக்குப் பின்னால், உடலின் அடிப்பக்கம் இருக்கிறது. மூச்சு விடும் உறுப்புகளோ வயிற்றின் அடிப்பக்கம், முன்பாதியில், நான்கு கீற்றுகளாக இருக்கின்றன. புத்தக நுரையீரல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வாய் நனைய வேண்டும், வயிறு நனையக் கூடாது. சிலந்தியைக் கையால் எடுக்காதீர்கள். அகன்ற பிளாஸ்டிக் குவளையை மேலே கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை மெதுவாக நுழைத்துத் தூக்குங்கள். சிறு மூடி போன்ற, சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள தட்டில் தண்ணீர் ஊற்றி, சிலந்தியின் முன்பகுதி தட்டின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரின் மேல் இருக்கும்படியும், வயிறு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கும்படியும் மெல்லத் தள்ளி வையுங்கள். தள்ளுவதற்கு மென்மையான தூரிகை போதும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள்.

அவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது குடிப்பது வெளியே பெரிதாகத் தெரியாது. உடல் மெல்ல முன்னால் சாய்ந்து, வாய் தண்ணீரில் தோய்ந்தபடி மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் குடிக்கிறது என்று பொருள். இரவு முழுக்கக்கூட அப்படி இருக்கும். காலையில் வயிறு கொஞ்சம் நிரம்பி, கால்கள் ஓரளவு விரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தட்டிலிருந்து விலகிப் போயிருந்தால் அதுவும் நல்ல அறிகுறி, நடக்க முடிந்திருக்கிறது. தட்டில் நிற்கவே முடியாத அளவு துவண்டிருந்தால், ஊசியை எடுத்துவிட்ட சிரிஞ்சால் வாயருகே ஒரு சொட்டு வைத்து, அது உள்ளே போனபின் அடுத்த சொட்டு வையுங்கள். பீய்ச்சக் கூடாது. ஊசி மூலம் உடலுக்குள் உப்புநீர் ஏற்றுவது உண்டு, ஆனால் அது வயிற்றின் மேற்புறம் இருக்கும் நீண்ட இதயத்துக்கு அருகே செய்யும் வேலை. இத்தகைய விலங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் மட்டும் செய்ய வேண்டியது.

ஈரக் காகிதம் விரித்த சின்ன டப்பாவில் சிலந்தியை அடைத்து, மூடிவைத்து, அதைத் "தீவிர சிகிச்சை" என்று அழைக்கும் பழக்கம் வளர்ப்பவர்களிடம் பல காலமாக இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சிலந்திக்கு வேண்டியது குடிக்கத் தண்ணீர். ஈரக் காற்றிலிருந்து அது தாகம் தீர்த்துக்கொள்வதில்லை. அதிலும் சிலியன் ரோஸ் வறண்ட புதர் நிலத்து உயிர். காற்றோட்டமில்லாத ஈரத்தில் நாள்கணக்கில் வைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் செழிக்கும். சட்டை உரிக்கத் திணறும் குட்டிக்கோ, ஈரக்காட்டு இனத்துக்கோ சில மணி நேரம் உதவலாம். நீங்கள் செய்வதானால் டப்பாவில் நிறையத் துளைகள் போடுங்கள், தண்ணீர்த் தட்டும் உள்ளே இருக்கட்டும், ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

விளக்குக்கு வருகிறேன். இரண்டு வாரம் மேலிருந்து அடித்த அந்தச் சூடுதான் வயிறு வற்றியதற்கு என் முதல் சந்தேகம். விளக்கு பெட்டியின் காற்றை உலர்த்தும், கிண்ணத்துத் தண்ணீரை உலர்த்தும், சிலந்தியையும் உலர்த்தும். மனிதர்கள் வசதியாக இருக்கும் 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் இதற்கும் போதுமானது. வெப்பம் 15 டிகிரிக்கும் கீழே போனால் மந்தமாகும். அப்போதும் அறையைச் சூடாக்குவதே பாதுகாப்பானது. சூடேற்றும் விரிப்புதான் வேண்டும் என்றால் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன், பெட்டியின் பக்கச் சுவரில் வெளியே ஒட்டுங்கள். அடியில் வைக்கவே கூடாது. வெயில் தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டி உள்ளே போவது அதன் இயல்பு. அடியில் சூடு இருந்தால் தப்பிக்கத் தோண்டத் தோண்ட நெருப்பை நோக்கித்தான் போகும்.

பஞ்சை இன்றே எறியுங்கள். சிலந்தி கிண்ணத்தில் மூழ்கிவிடும் என்ற பயத்தில் போடுவார்கள். அது மூழ்காது. பஞ்சு, இரையின் மிச்சமும் அழுக்கும் தேங்கி நாறுகிற இடமாகிவிடும். தண்ணீரும் சரியாக எட்டாது. உங்கள் சிலந்தி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருந்தும் வற்றிப்போயிருக்க வாய்ப்புண்டு. திறந்த, ஆழமில்லாத கிண்ணம் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், நிரப்பும்போது ஒரு பக்கம் கொஞ்சம் வழிந்து மண் நனைந்தால் தப்பில்லை.

சுவர்க்கோழிகளை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. அவை சிலந்தியைக் கடிக்கும். ஆரோக்கியமான சிலந்தி உதறிவிடும். துவண்டு கிடப்பதையும், சட்டை உரித்து மெத்தென்று இருப்பதையும் அவை மெல்லத் தின்னவே ஆரம்பித்துவிடும். இரையைப் போட்டு ஒரு நாளில் பிடிக்காவிட்டால் எடுத்துவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு இரையே வேண்டாம். வயிறு நிரம்பி, நடை திரும்பி, இரண்டு வாரம் கழித்து, அதன் வயிற்றைவிடச் சிறிய ஒன்றைக் காட்டிப் பாருங்கள். வெளியே பிடித்த பூச்சிகளைக் கொடுக்காதீர்கள், அவை எந்த மருந்தை மிதித்துவிட்டு வந்தன என்று நமக்குத் தெரியாது.

தேன் தண்ணீர் வேண்டாம். சர்க்கரை வாயைச் சுற்றிய ரோமத்தில் ஒட்டி, உண்ணிகளையும் கிருமிகளையும் கூப்பிட்டு வரும். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். எந்தக் கிருமி என்று தெரியாமல், எவ்வளவு கொடுப்பது என்றும் உறுதியில்லாமல், நாய்க்கும் பூனைக்கும் வாங்கியதில் மிச்சமானதைக் கரைத்து ஊற்றுவதை சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

சரி, தண்ணீர் குடித்தும் தேறாவிட்டால்?

அப்போது வாயைப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் குவளைக்குள் வைத்து, குவளையைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து படம் எடுங்கள். கண்ணாடியோ பாதுகாப்புக் கண்ணாடியோ அணிந்துகொள்ளுங்கள். இந்த இனம் வயிற்றிலிருந்து உதிர்க்கும் ரோமம் கண்ணில் பட்டால் உள்ளே துளைத்துக்கொண்டு போய் வாரக்கணக்கில் படுத்தும். கையில் பட்டால் அரிப்போடு போகும். படத்தில் வாயைச் சுற்றி ஈரமான வெள்ளைப் பசை போல ஏதாவது தெரிகிறதா? துர்நாற்றம் வருகிறதா? உருப்பெருக்கியில் பார்த்தால் அந்தப் பசை நெளிகிறதா? அப்படியானால் அது உருளைப்புழுத் தொற்று. இவற்றில் ஒரு வகை டரான்டோபீலஸ் ஜெஃப்டேனியல்சி என்ற பெயரில் 2022-ல்தான் புது இனமாக விவரிக்கப்பட்டது. அது சிலந்தியின் சதையைத் தின்பதில்லை, சிலந்திமேல் இருக்கும் பாக்டீரியாவை உண்ணலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் வாய் முழுக்க மொய்த்துக்கொள்வதால் சிலந்தியால் சாப்பிட முடியாமல் போகிறது. பல மாதம் இழுத்து, பட்டினியால் சாகும். இரையை அணுகிவிட்டுப் பின்வாங்குவது, கூனல் முதுகுள்ள சின்ன ஈக்கள் பெட்டியைச் சுற்றுவது இவையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்து இதற்கு இல்லை. குடற்புழு மருந்துகளை மருத்துவர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள், நிச்சயமாகப் பலன் தரும் என்று எதையும் கைகாட்ட முடியாது. வீட்டில் வேறு சிலந்திகள் இருந்தால் உடனே வேறு அறைக்குப் பிரியுங்கள், இடுக்கியையும் கிண்ணத்தையும் பகிராதீர்கள். வெள்ளைப் பசை எல்லாமே புழு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட மிச்சமும் அப்படித் தெரியும். பஞ்சுக் குச்சியால் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் பெரும்பாலும் நுண்ணோக்கி இருக்கும். அவர் டரான்டுலா பார்த்தவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கரப்பான் மருந்தைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. பலர் இதை மறைப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள். கரப்பானைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். கொசுவத்திப் புகை, எறும்புத் தூள், நாயின் கழுத்தில் விடும் உண்ணி மருந்து எல்லாமே கணக்கில் வரும். நாயைத் தடவிய கையோடு பெட்டிக்குள் கை விடுவதும் சேர்த்தி. ஆனால் விஷம் ஏறிய சிலந்தி வழக்கமாக மந்தமாக இருக்காது. கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், ஒன்றுக்கொன்று ஒத்துழைக்காது, நடந்தால் தள்ளாடும், தன்மேலேயே சுருண்டு விழும். உங்கள் சிலந்தி ஒரு காலை மெதுவாகத் தூக்கி ஒழுங்காக வைக்கிறது என்றால் அது அந்தப் படத்தில் பொருந்தவில்லை. என்றாலும் ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது என்பதால், தேறியவுடன் அடிமண்ணை முழுக்க மாற்றிவிடுங்கள். உரமோ மருந்தோ கலக்காத தென்னைநார்த் தூள் போதும். துடிப்பு தொடங்கினால் மாற்று மருந்து கிடையாது. சுத்தமான மண், நல்ல காற்று, தண்ணீர், அமைதி. சில தேறும், பல தேறாது.

மூடியிலிருந்து விழுந்ததா என்றும் பாருங்கள். தரைவாழ் டரான்டுலாவுக்கு உயரம் எதிரி, வயிறு கிழிந்துவிடும். மண்ணின் மட்டத்திலிருந்து மூடி வரை, கால்களோடு சேர்த்த அதன் அகலத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டாம். வயிற்றில் நீர் கசிந்தால், கசிவின்மேல் சோள மாவையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ மெல்லத் தொட்டு வைத்து அடைக்கலாம். காலில் கசிந்தால் ஒரு துளி சூப்பர் க்ளூ வேலை செய்யும், மூட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் போய்விட்டாலும் பயமில்லை, அடுத்தடுத்த சட்டை உரிப்புகளில் திரும்ப முளைக்கும்.

இனி ஆணா பெண்ணா. உங்கள் கேள்வியில் இது ஓரமாக வந்தாலும் பதிலை மாற்றக்கூடிய விஷயம். முதிர்ந்த ஆண் கடைசியாக ஒருமுறை சட்டை உரித்த பிறகு சில மாதங்களோ, அதிகம் போனால் ஒன்றிரண்டு வருடமோதான் வாழும். சாப்பாடு குறையும், வயிறு ஒடுங்கும், முதலில் ஓயாமல் அலையும், பிறகு அடங்கும். அது நோயே அல்ல, மருத்துவமும் இல்லை. முன்னால் இருக்கும் குட்டையான இரண்டு உணர்கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உருண்டிருந்து, முதல் ஜோடிக் கால்களின் அடிப்பக்கம் கொக்கி தெரிந்தால் அது முதிர்ந்த ஆண். ஐந்து வருடத்துக்கு முன்பே பெரியதாக வாங்கினீர்கள் என்பதால் உங்களுடையது பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெண்ணுக்கு 20 வருட ஆயுள் பெரிய விஷயமில்லை. டரான்டுலாவின் தூரத்து உறவான பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றை, ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974 முதல் கவனித்துவந்தார். அது 2016-ல் இறந்தபோது வயது 43. அதுவும் முதுமையால் சாகவில்லை என்று தெரிகிறது, ஒட்டுண்ணிக் குளவி ஒன்று வளைக்குள் புகுந்திருந்தது. ஆகவே "வயதாகிவிட்டது" என்று சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள்.

ஒரு நாள் காலையில் அது மல்லாந்து கிடந்தால் கலங்கிவிடாதீர்கள். சாகிற டரான்டுலா பெரும்பாலும் நின்ற நிலையிலேயே சுருளும். மல்லாந்து கிடப்பது சட்டை உரிப்பதற்கு. புரட்டிப் போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். பெரிய சிலந்திக்கு முழுப் பகலும் ஆகலாம். உரித்து முடித்தபின் நச்சுப்பற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். அவை சிவந்து, கறுத்து, கெட்டியாகும் வரை, கிட்டத்தட்ட இரண்டு வாரம், இரை கூடாது. தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, ஃப்ரீசர். நண்பரின் நோக்கம் நல்லதுதான், யோசனை நல்லதல்ல. உறைய வைப்பது வலியற்ற மரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் இப்போது பல மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. புழுத்தொற்று உறுதியாகி, வேறு வழியில்லை என்ற நிலை வந்தால், மருத்துவர் முதலில் வாயு மயக்கமருந்து கொடுத்து முழுக்க மயக்கியபின் முடித்துவைப்பார். தவிர, செத்துவிட்டது என்று நினைத்த சிலந்திகளில் சில தண்ணீர் கண்டதும் எழுந்து நடந்திருக்கின்றன. கால் சுருண்டு, தொட்டும் அசையவில்லை என்றாலும் தண்ணீர்த் தட்டருகே ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். மூட்டுகள் தளர்ந்து, இழுத்த கால் இழுத்த இடத்திலேயே நின்று, நாற்றம் எடுத்தால் மட்டுமே அது இறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று நாள் கழித்து எழுதுங்கள். மேலிருந்து ஒரு படம், குவளைக்கு அடியிலிருந்து வாய் தெரியும்படி ஒரு படம், இரண்டிலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். அடித்த கரப்பான் மருந்தின் டப்பா இன்னும் இருந்தால் அதன் பின்புறம் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். அதற்குள் பாதங்கள் உடலுக்கு அடியில் போய்விட்டாலோ, வாயருகே வெள்ளையாக எதையாவது பார்த்தாலோ என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் அதே குவளையில் கொண்டுபோய்விடுங்கள்.